கதவு பூட்டிக்கொள்ளும் ஓவன்

ஒக்டோபரில் தேங்ஸ்கிவிங் வாரம், தீபாவளிக்கு முந்தின இரண்டு மூன்று நாள், பிறகு கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம். இந்த நாட்களில் என் கைபேசிக்கு ஓய்வே இருக்காது. ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போய் ஸ்டவ், ஃபிரிட்ஜ், டிஷ்வாஷர் திருத்துகிறவன் நான். பெருநாளுக்கு முன் வருகிற அழைப்புகளில் ஒரு கதை மாறாமல் திரும்பத் திரும்ப வரும்.

"தம்பி, ஓவன் கதவு திறக்குதில்லை. நாளைக்கு ஆக்கள் வருகினம்."

"செல்ஃப் கிளீன் போட்டனீங்களோ அக்கா?"

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு, "ஓம், வீடு துப்பரவாக்கேக்க அதையும் அமத்திவிட்டனான்" என்று பதில் வரும்.

அந்தப் பட்டன் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வோஷிங் மெஷினில் உடுப்பைப் போட்டுவிட்டுப் போகிற மாதிரி அதை அமத்திவிட்டுக் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. அங்கே சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. வீட்டுக்குள் ஒரு பெட்டியை மூடி, உள்ளே இருக்கிற அழுக்கைச் சாம்பலாகும்வரை எரிப்பதுதான் அந்தப் பட்டனின் முழு வேலையும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு இலெக்ட்ரிக் ஸ்டவ்வுக்கு 240 வோல்ட் கரண்ட் தனி வயரில் வரும். பனலில் அதற்கென்று பெரும்பாலும் 40 அம்பியர் இரட்டை பிரேக்கர் இருக்கும். சமைக்கும்போது ஓவனை 550 பாகை ஃபாரன்ஹைட்டுக்கு மேல் வைக்க விடமாட்டார்கள். அது 288 பாகை செல்சியஸ். செல்ஃப் கிளீனில் போட்டால் அதே பெட்டி 880, 900 ஃபாரன்ஹைட் வரை ஏறும். செல்சியஸில் 470, 480. ஈயம் 327இல் உருகிவிடும், துத்தநாகம் 420இல் உருகிவிடும் என்று சொன்னால் அந்தச் சூடு எப்படிப்பட்டதென்று விளங்கும். கோழியிலிருந்து தெறித்த கொழுப்பு, கேக் பொங்கி வழிந்து கருகின சீனி எல்லாம் அந்தச் சூட்டில் முதலில் கரியாகி, பிறகு புகையும் வாயுவுமாகப் போய், கடைசியில் அடியில் வெள்ளைச் சாம்பல் மட்டும் கிடக்கும். ஒரு பெரிய ஓவனிலிருந்து விபூதித் தட்டில் கொட்டி வைக்கிற அளவுகூடத் தேறாது.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1963இல் இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்த போஹ்டான் ஹுர்கோ என்ற எஞ்சினியரின் பெயரில் 1964இல் காப்புரிமை பதிவானது. அதற்கு முதல் குடும்பப் பெண்கள் கையுறை போட்டு, காஸ்டிக் சோடா கலந்த கிளீனரை உள்ளே பூசி, தலையை ஓவனுக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து விடுதலை கிடைத்தது உண்மைதான். இன்னொரு நல்லதும் நடந்தது. இவ்வளவு சூட்டை உள்ளே அடக்கிவைக்க வேண்டுமே என்பதற்காகச் சுவருக்குள் ஃபைபர்கிளாஸ் பஞ்சைத் தடிப்பாக வைத்தார்கள். அதனால் இந்த ஓவன்களில் சாதாரண நாளில் பேக் பண்ணும்போதும் சூடு வெளியே போவது குறைவு. மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செல்ஃப் கிளீன் போட்டால் அந்த மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும்.

கதவு பூட்டுவதும் பழுதினால் இல்லை. தொடங்கினவுடன் சின்ன மோட்டர் ஒன்று கொக்கியை இழுத்துப் பூட்டிவிடும். உள்ளே சூடு ஏறத்தாழ 300 செல்சியஸுக்குக் கீழே இறங்கும்வரை திறக்காது. எரிவது இரண்டு முதல் நாலு மணித்தியாலம். ஆறுவதற்கு இன்னொரு மணித்தியாலம், சிலதில் அதற்கும் மேலே. இடையில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். ஆறவிட்டு, கரண்ட் வந்தபின் கான்சல் பட்டனை அமத்தினால் பெரும்பாலும் தானே திறக்கும். கத்தியையோ ஸ்க்ரூ ட்ரைவரையோ கதவு இடுக்கில் விட்டு நெம்பினால் கொக்கி வளைந்துவிடும். பிறகு நான் வந்துதான் ஆகவேண்டும்.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஓவன் ஒரு அலுமாரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஸ்காபரோவில் ஒரு வீட்டில் ஓவன் சூடாகவில்லை என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் மேல் தட்டில் இரண்டு தாச்சி, ஒரு இடியப்ப உரல், பனையோலை நீத்துப்பெட்டி. கீழ்த் தட்டில் நொன்ஸ்டிக் தோசைக்கல், அதற்குள் பிளாஸ்டிக் மூடிகள், அரிதட்டு, ஐஸ்கிறீம் டப்பா நிறைய மிளகாய்த்தூள். அந்த வீட்டு அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க, எனக்கு நிற்க இடமில்லாமல் போனது. ஓவன் அவருக்குப் பாவனையில் இல்லை. ஆனால் மகன் யூனிவேர்சிட்டியிலிருந்து வந்து பீட்சா சூடாக்க 400இல் வைத்துவிட்டு மேலே போனால் என்ன நடக்கும்? ஓலையும் பிளாஸ்டிக்கும் பற்றிக்கொள்ளச் செல்ஃப் கிளீன் தேவையே இல்லை. ஓவனில் பாத்திரம் வைக்காமல் இருக்க முடியாதென்றால், பட்டன்களுக்கு மேலே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிவையுங்கள்: "உள்ளே சாமான் இருக்கு." கதவைத் திறந்து பார்க்காமல் எந்தப் பட்டனையும் அமத்தாதீர்கள்.

செல்ஃப் கிளீனுக்கு முதல் எல்லாம் வெளியே வரவேண்டும். ஒரு கரண்டிகூட மிஞ்சக்கூடாது. பளபளக்கிற கம்பித் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் நிறம் மாறி மங்கி, இழுக்கும்போது கிறீச்சிடும். கடும் சாம்பல் நிறத்தில் எனாமல் பூசின தட்டுகள் என்றால் உள்ளே இருக்கலாம், அதுவும் மனுவல் அப்படிச் சொன்னால் மட்டும். ஏற்கெனவே உள்ளே விட்டு மங்கிப்போயிருந்தால், ஆறினபின் ஓரங்களில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் ஓரளவு வழுக்கும்.

அடுத்தது அலுமினியத் தாள். ஓவன் அடியில் அதை விரித்து வைப்பது பலருக்குப் பழக்கம். வழிகிறது தாளில் விழும், தாளை எறிந்துவிடலாம் என்பது கணக்கு. சூடு போகிற வழியை அது மறிக்கும். சாதாரண பேக்கிங்கிலேயே அடி எனாமலோடு ஒட்டிப்போன தாளை நான் கண்டிருக்கிறேன். ஒட்டினால் ஒட்டினதுதான், சுரண்டினால் எனாமலும் சேர்ந்து வரும். தடுக்கத்தான் வேண்டுமென்றால், கேக் வைக்கிற தட்டுக்குக் கீழ்த் தட்டில் ஒரு பேக்கிங் ட்ரே வையுங்கள், வேலை முடிந்ததும் எடுங்கள்.

அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற ஓவனில் ஒருபோதும் செல்ஃப் கிளீன் போடாதீர்கள். தேங்கின கொழுப்பு கரியாகும்வரை பொறுத்திருக்காது, சுவாலையாகவே பிடிக்கும். பெரிய கருகல் துண்டுகளைச் சுரண்டி எடுத்து, எண்ணெயை ஈரத்துணியால் ஒற்றிவிட்டுத்தான் பட்டனைத் தொடவேண்டும். இவ்வளவையும் நானே துடைத்தால் பிறகு மெஷின் எதற்கு என்று கேட்பார்கள். சுவரில் அரக்காக ஒட்டின படலத்துக்குத்தான் மெஷின். குளத்துக்கு இல்லை.

கதவைச் சுற்றி உள் ஓரத்தில் கயிறு மாதிரிப் பின்னின ஒரு கேஸ்கட் இருக்கும். ஃபைபர்கிளாஸ் நூலில் நெய்தது. அதைத் தேய்க்கவும் கூடாது, சோப்பு போடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அது நசிந்தால் அந்த இடத்தால் சூடு வெளியே வந்து பட்டன் பலகையைத் தின்றுவிடும். சில மாடல்களில் கதவின் அடிப்பக்கம் கேஸ்கட் கொஞ்ச இடைவெளி விட்டிருக்கும். காற்றுப் போகக் கம்பெனியே விட்ட வழி அது, கிழிந்ததில்லை. கேஸ்கட்டுக்கு வெளியே இருக்கிற கதவு ஓரமும் முன் சட்டமும் மெஷினால் சுத்தமாகாது. அங்கே இருக்கிற கறை பக்கத்துச் சூட்டில் இன்னும் இறுகத்தான் செய்யும். அந்த இடங்களை முதலே சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துவிடவேண்டும்.

கடையில் விற்கிற ஓவன் கிளீனர் ஸ்பிரே இந்த ஓவனுக்கு ஆகாது. காஸ்டிக் உள்ள அந்த ஸ்பிரே எனாமலில் ஒட்டியிருந்து, அடுத்த தடவை சூடேறும்போது எனாமலை அரிக்கும். புகையும் மூக்கை எரிக்கும்.

புகை என்றவுடன் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ், குருவி எது இருந்தாலும், தொடங்குவதற்கு முதல் அந்தக் கூட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போங்கள். பறவையின் மூச்சு அமைப்பு எங்களுடையதைப் போல இல்லை. நுரையீரலுக்கு அப்பால் உடம்புக்குள் காற்றுப் பைகளும் இருந்து, காற்றில் கலந்த நஞ்சை மிக வேகமாக உள்ளே எடுத்துக்கொள்ளும். நொன்ஸ்டிக் பாத்திரத்தில் பூசியிருக்கிற டெஃப்லான் 260 செல்சியஸுக்கு மேலே போகப்போகச் சிதையத் தொடங்கும். அதிலிருந்து வருகிற வாயு ஒரு அறையில் இருக்கிற பறவைகளைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். உள்ளே நொன்ஸ்டிக் சட்டி எதுவும் மறந்துபோய் விட்டுவிடவில்லை என்றாலும் எரிகிற கொழுப்பின் புகையே அவற்றுக்கு அதிகம். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஸ்டவ்வோடு வருகிற மனுவல்களில் அச்சிட்டே இருக்கிறது, வாசிக்கிறவர்கள்தான் இல்லை.

பறவைக்கு மட்டுமில்லை. எரியும்போது கொஞ்சம் கார்பன் மொனொக்சைட்டும், சுவர்ப் பஞ்சிலிருந்து ஃபோர்மல்டிஹைட்டும் வரும். புது ஸ்டவ் என்றால் முதல் தடவை மணம் கூட. ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை, வயதுபோன ஆட்கள் அந்த நேரம் குசினிப் பக்கம் இல்லாமல் இருப்பது நல்லது. ஹூட் ஃபேனைப் போட்டு, ஒரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கனடாவில் ஜனவரியில் ஜன்னலைத் திறக்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் நான் மே மாதத்தையும் செப்டம்பரையும் சொல்வது. அப்போது பெருநாளும் கிட்ட இல்லை, ஏதாவது பழுதானாலும் பார்ட்ஸ் வரும்வரை பொறுத்திருக்கலாம்.

நேரம் பற்றியும் ஒரு கேள்வி எப்போதும் வரும். ஒன்ராறியோவில் கரண்ட் கட்டணம் வேலை நாளில் இரவு 7 மணிக்குப் பிறகு குறைவு என்பதால், படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் படுத்தால் என்ன? செய்யாதீர்கள். வீட்டில் விழித்திருக்கிற ஒருவர் இல்லாமல் இதை ஓடவிடக்கூடாது. சனி, ஞாயிறு நாள் முழுக்க அதே குறைந்த கட்டணம்தான். ஞாயிறு காலையில் போடுங்கள், மத்தியானச் சாப்பாட்டை முதல்நாள் கறியோடு சமாளியுங்கள். மேல் அடுப்பையும் அந்த நேரம் பாவிக்காதீர்கள், பல மாடல்களில் அது வேலையும் செய்யாது. கைப்பிடியில் தொங்குகிற துவாயை எடுத்துவிடுங்கள். ஓவனின் சூடு வெளியேறுகிற துவாரம் பெரும்பாலும் மேலே பின்பக்கம் இருக்கும். அந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் எண்ணெய்ப் போத்தலும் உப்பு டப்பாவும் வைத்திருப்பார்கள். கீழே இழுப்பறையில் பிளாஸ்டிக் இருந்தால் அதையும் அகற்றவேண்டும். சின்னப் பிள்ளைகள் கதவில் கை வைக்கக்கூடாது, சாதாரண பேக்கிங்கைவிட வெளிக் கண்ணாடி நன்றாகச் சுடும்.

உள்ளே நெருப்புப் பிடித்துவிட்டால் முதல் வேலை கான்சல். இரண்டாவது, கதவைத் திறக்க முயலாமல் இருப்பது. பூட்டியிருக்கிற கதவு அந்த நேரம் உங்கள் நண்பன். காற்றுக் கிடைக்காமல் உள்ளேயே அணைந்துபோகும். திறந்தால் காற்றைக் குடித்துச் சுவாலை முகத்துக்கு வரும். அணையாமல் வெளியே புகை பெருகினால் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வெளியேறி 911க்கு அடியுங்கள். பனலில் ஸ்டவ் பிரேக்கர் எது என்று முதலே எழுதி ஒட்டியிருந்தால், போகிற வழியில் அதையும் விழுத்திவிடலாம்.

பழுதுகள் எங்கே வருகின்றன? ஓவனின் பின்பக்கத்தில் தேர்மல் ஃபியூஸ் இருக்கும். எல்லை மீறின சூட்டில் அது தன்னைக் கொடுத்து மெஷினைக் காப்பாற்றும். அது போனால் சில மாடல்களில் மொத்த ஸ்டவ்வும் உயிரில்லாமல் நிற்கும், சிலதில் ஓவன் மட்டும். கதவுப் பூட்டு மோட்டர், எலெக்ட்ரோனிக் போர்ட், சூடு அளக்கிற சென்சர் இவையும் அடி வாங்கும். அந்தச் சென்சரை நான் முதலில் மீட்டரில் பார்ப்பேன். பெரும்பாலான ஸ்டவ்களில் அறைச் சூட்டில் 1080, 1100 ஓம் காட்டினால் சுகமாக இருக்கிறது. வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் கை வைக்கவேண்டாம். ஓவனை நிற்பாட்டியிருந்தாலும் எலிமெண்டின் ஒரு முனையில் 120 வோல்ட் நிற்கிற மாடல்கள் நிறைய. பிரேக்கரை விழுத்தாமல் பின் தகட்டைக் கழற்றுவது உயிரோடு விளையாட்டு.

செல்ஃப் கிளீன் வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். பழைய ஸ்டவ் என்றால் அதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து, ஆறின ஓவனில் எலிமெண்டிலும் கேஸ்கட்டிலும் படாமல் பூசி ஒரு இரவு விட்டு, காலையில் துடைத்தால் முக்கால்வாசி போய்விடும். இப்போது வருகிற பல மாடல்களில் ஸ்டீம் கிளீன் என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. அடியில் அளவான தண்ணீர் ஊற்றிக் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் கறை ஊறும், பிறகு துடைக்கவேண்டும். நேற்று வழிந்ததற்கு நல்லது. போன வருஷத்துக் கருகலுக்கு அது போதாது.

மேல் அடுப்புப் பற்றி ஒரு விஷயம் மட்டும். கிளாஸ் டாப்பில் எந்தக் கறையையும் ஆறினபின் துடையுங்கள் என்றுதான் சொல்வேன், சீனியையும் சர்க்கரையையும் தவிர. தைப்பொங்கல் அன்று வெளியே பனி கொட்ட, உள்ளே கண்ணாடி அடுப்பில்தான் இங்கே பொங்குகிறோம். பால் பொங்கி வழிவது மங்களம், ஆட்சேபம் இல்லை. ஆனால் சர்க்கரை போட்டபின் வழிகிற பாகு கண்ணாடியில் இறுகினால், ஆறும்போது கண்ணாடியின் மேற்பரப்பையும் துளித்துளியாகப் பிடுங்கிக்கொண்டு வரும். அந்தக் குழிகள் பிறகு மாறாது. பானையை அப்பால் வைத்து, அடுப்பை நிற்பாட்டி, தடித்த கையுறை போட்டு, பிளேடு ஸ்கிரேப்பரால் பாகைச் சூட்டோடு சூடாகச் சூடில்லாத பக்கத்துக்கு வழித்துத் தள்ளுங்கள். கண்ணாடியில் கீறல் ஓடியிருந்தால் அந்த அடுப்பைப் பாவிக்கவே கூடாது.

கடைசியாக, ஸ்டவ்வுக்குக் கீழே இருக்கிற இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மனுவலோடு ஒரு பொலித்தீன் பைக்குள் சின்ன இரும்புத் துண்டும் இரண்டு மூன்று ஸ்க்ரூவும் பிரிக்காமல் கிடக்கலாம். அது ஸ்டவ் முன்பக்கம் கவிழாமல் பிடிக்கிற பிராக்கெட். திறந்த ஓவன் கதவில் ஒரு பிள்ளை ஏறி நின்றாலே ஸ்டவ் சாய்ந்து, மேலே கொதிக்கிற பானை அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டும். இப்படி நடந்ததால்தான் 1991 முதல் அமெரிக்கத் தர விதி ஒவ்வொரு ஸ்டவ்வோடும் இதைக் கொடுக்கச் சொன்னது. கொண்டுவந்து இறக்குகிற ஆட்கள் அவசரத்தில் பூட்டாமல் போய்விடுவார்கள். பின்காலில் ஒன்று அந்தப் பிராக்கெட்டுக்குள் நுழைந்து நிற்கவேண்டும். மேலே பாத்திரம் எதுவும் இல்லாதபோது ஸ்டவ்வின் பின்பக்க மேல் விளிம்பைப் பிடித்து மெதுவாக முன்னுக்குச் சாய்த்துப் பாருங்கள். ஓர் அங்குலம் எழும்பி அப்படியே பிடித்துக்கொண்டால் சரி. தடையில்லாமல் சாய்ந்துகொண்டே வந்தால், அந்தப் பையைப் பிரித்து இன்றைக்கே பூட்டச் சொல்லுங்கள்.